அலுமாரிக்கு மேல் வைத்த கடிதம்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில், எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அங்கே விடியற்காலையில் பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்குமாம். கலவரத்துக்குத் தப்பி அப்பாவும் அம்மாவும் வன்னிக்கு வந்தபோது அவருக்கு ஆறு வயது. கண்டாவளைப் பக்கம், எங்களைப் போல வந்த நாற்பது குடும்பங்களுக்குக் காணி கிடைத்தது. அவருடைய தம்பியான நான் அந்தக் காணியில்தான் பிறந்தேன். இன்றும் அதில்தான் வயல் செய்கிறேன்.

ஆனால் காணி எங்கள் பெயரில் இல்லை. நல்ல மனிதர் சிலர் அதை வாங்கி, எங்களுக்காக வைத்துப் பார்க்கும்படி ஒரு நம்பிக்கைப் பொறுப்புக் கம்பனியின் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதியிருந்தார்கள். கம்பனி என்றால் எங்கேயோ தூரத்தில் இருக்கும் வயதான மாமா என்றுதான் சின்ன வயதில் அக்கா நினைத்திருந்தாராம். மாரியில் குளம் நிரம்பும்போது, "கம்பனி மாமா இதைப் பாக்க வருவாரோ?" என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராகச் சேர்ந்து பல வருடங்கள் சென்ற பிறகும் அந்த மாமாவை அவர் விடவில்லை. "தம்பி, கம்பனிக்குச் சாவில்லை. நாங்கள் போனாலும் அது இருந்து காணியைப் பாக்கும்" என்பார், கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோதும் மாற்றுடுப்புக்கு முதல் உறுதியின் பிரதியைத்தான் பைக்குள் வைத்தார்.

தோட்டத்தில் சாவீட்டுத் துடக்குப் பதினாறு நாளோடு முடியும். இங்கே வந்தபின் ஊர் வழக்கப்படி முப்பத்தொரு நாள் காக்க நாங்களும் பழகிவிட்டோம். அந்த நாட்களில் காணிக் கடதாசி, நீதிமன்றக் கடிதம் எதையும் பிரிக்கக்கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு. அம்மா காலமான ஐந்தாம் நாள், கொழும்பிலிருந்து தடித்த கடிதம் ஒன்று வந்தது. அக்கா அதைப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் வைத்தார்.

துடக்குக் கழிந்து பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இப்படியான கம்பனிகள் பற்றிய சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலம் வருகிறது. யாருக்காகக் காணியை வைத்திருக்கிறதோ அவர்களைக் கேளாமலே கம்பனி அதை வேறு தேவைக்குக் கொடுக்கலாம் என்கிறது. உடனே உயர் நீதிமன்றம் போங்கள் என்று கொழும்பிலிருந்த அக்காவின் தோழி எழுதியிருந்தார். நம் நாட்டில் ஒரு சட்டமூலம் செல்லுமா என்று கேட்பதானால், அது நிறைவேறுமுன் சில நாட்களுக்குள் கேட்டுவிட வேண்டும். அதன்பின் எந்த நீதிமன்றமும் அந்தக் கேள்வியை ஏற்காது. திருத்தம் அதற்குள் நிறைவேறிவிட்டது. பதினாறோடு நிறுத்தியிருந்தால் நேரம் இருந்திருக்கும்.

"என்ர கையாலதான் மேல வைச்சனான்" என்று அக்கா சொல்லிச் சொல்லி அழுதார். சில மாதங்களில், காணியைக் குத்தகைக்குக் கொடுக்கப்போவதாகக் கம்பனியின் புதிய பணிப்பாளர்கள் எழுதினார்கள். "உங்கட மாமாவுக்கு வயதுபோய் அறளை பெயர்ந்திட்டுது" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

ஒரு பின்னேரம் குளக்கட்டில் இருந்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அக்கா, நித்திரையில் கதைப்பவர்போல மெதுவாகச் சொன்னார்.

"இந்தச் சட்டம் செல்லுமோ எண்டு இனிக் கேக்கேலாது, தம்பி. ஆனா அது எங்களைத் தொடுமோ எண்டு கேக்கலாம். எங்கட உறுதி அதுக்கு முந்தினது. பழசையும் பிடிக்கும் எண்டு திருத்தத்தில ஓரிடத்திலயும் சொல்லேல்ல."

"அப்ப வெல்லுவமோ?"

"தெரியாது. ராத்திரி ஒரு கனவு கண்டனான். மாமா வரம்பால நடந்து வாறார், செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு."

அந்தக் கனவோடுதான் வழக்குப் போட்டார். சிறுநீரக நோயோடு வாரத்தில் இருமுறை வைத்தியசாலை, மிச்ச நாளில் வழக்குக் கட்டு. கடைசி வாரத்தில் எங்கள் பெயர்கள்கூட அவருக்குக் கலங்கிப்போயின. ஆனாலும், "தபால்காரர் வந்தவரோ?" என்று மட்டும் தெளிவாகக் கேட்பார்.

அக்கா காலமான ஒன்பதாம் நாள் தபால்காரர் வந்தார். "மேல வை ராசா, முப்பத்தொண்டு முடியட்டும்" என்றார் பெரியம்மா. அலுமாரியைப் பார்த்தேன். முற்றத்தில் நின்றபடியே கடிதத்தை உடைத்தேன். முன்னர் எழுதப்பட்ட எங்கள் உறுதியை இந்தத் திருத்தம் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் தீர்த்திருந்தது. நாற்பது வீடும் இருந்த இடத்திலேயே இருக்கும். அக்கா ஒன்பது நாள் பொறுத்திருக்கலாம் என்று அவரோடு கோபமும் வந்தது.

முப்பத்தோராம் நாளுக்கான இந்த நினைவு மலரில், அக்காவைத் தாங்கிப் பார்த்த வைத்தியர்கள், தாதியர், அவரைத் தன் சகோதரியாகவே நடத்திய சட்டத்தரணி, பந்தலிட்டுச் சமைத்துத் தோள்கொடுத்த அயலவர், தூரத்திலிருந்து வந்தோர், வரமுடியாமல் வருந்தியோர் அனைவருக்கும் எங்கள் நெஞ்சு நிறைந்த நன்றி. துடக்கோடு கடிதம் உடைத்தது பற்றி மனம் நொந்த பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பெரியம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்து, அக்காவின் படத்துக்கு முன்னால் பாயில் இருந்தார். "அதை வாசி ராசா" என்றார். "ஆறுதலா வாசி. அவள் கேக்கட்டும்."