மோசஸுக்குக் கேட்காத சத்தம்

காலை பத்தரை மணிக்குச் செய்தி வந்தது. ஏழாம் வகுப்புக்கு நீராவி பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து குமாரசாமி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்பு வாசலில் நின்றார். பள்ளிக்கூடத்தில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் கணவர் மோசஸ் முதலில் தேயிலை லாரியில் கிளீனர், பிறகு அதற்கே டிரைவர். எஸ்டேட் ஃபேக்டரிகளிலிருந்து குன்னூருக்குப் பெட்டி ஏற்றி வருவார். இரைகிற அந்த இஞ்சினுக்குப் பக்கத்திலேயே பதினைந்து வருஷம் உட்கார்ந்திருந்தார். எண்பதாம் வருஷத்தில் சொந்தமாக ஓர் அம்பாசிடர் வாங்கினார். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் அவர் வண்டியில் போனால் வாந்தி வராது என்று பெயர். கல்யாணப் பெண்களைக் கூட்டிப்போக அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

போன மழைக்குப் பிறகு, இவர் வண்டி கீச்சுக் கீச்சென்று கத்துகிறது என்று ஸ்டாண்டில் ஒரு பேச்சு கிளம்பியது.

"மோசஸண்ணா, கோழிக்குஞ்சு ஏத்தறதுக்குத் தனி பர்மிட் வாங்கோணுமுங்க" என்பார் குமாரசாமி.

"உன்ற வண்டி கத்தறதுக்கு என்ற வண்டியச் சொல்றியா?" என்பார் இவர்.

எல்லோரும் சேர்ந்து தன்னைக் கிண்டல் செய்வதாகவே நினைத்தார். மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். மலை இறங்கி, ஈரம் காய்ந்து வெயிலில் நின்ற வண்டியில் மெக்கானிக்குக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனாலும் ஒரு சனிக்கிழமை காலை, மூடுபனி விலகுமுன், என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்து பானெட்டைத் தூக்கினார்.

"தள்ளி நில்லு தபித்தா. முந்தானையச் சொருகிக்க. ஏதாச்சும் கேக்குதா?"

கேட்டது. சிலேட்டில் குச்சியைச் செங்குத்தாகப் பிடித்துக் கீறுவதுபோல.

டம்ளரிலிருந்து ஃபேன் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டார். "இப்ப?"

"இன்னும் ஜாஸ்தியா கத்துதுங்க."

"அப்ப பெல்ட்டுதான். தொளதொளன்னு ஆகி வழுக்குது. ஈரம் பட்டா அதிகமா வழுக்கும்" என்றார். இஞ்சினைப் பார்த்து அல்ல, என் வாயைப் பார்த்து. நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் முகம் சுளிக்கவேயில்லை.

இஞ்சினை நிறுத்தினார். பானெட்டை இறக்கி மூடினார்.

"உள்ள உக்காந்து ஹாரன் அடி. நான் வளைவு தாண்டிப் போய் நிக்கறேன்."

அவர் தலை பனியில் மறைந்ததும் அடித்தேன். பக்கத்து வீட்டு மாரியாயி ஜன்னலைத் திறந்து, "யாரு டீச்சர், நீங்களா வண்டி எடுக்கறது?" என்று கேட்டாள்.

திரும்பி வந்தவர், "எத்தன தடவ அடிச்ச?" என்றார்.

"மூணு."

"எனக்கு ஒண்ணுதான் வந்துது."

வீட்டுக்குள் போனோம். காபியைக் குடித்து முடித்தார்.

"பின்னாடி நாலு பேரு நம்பித் தூங்கிட்டு வர்றாங்க. மேல வர்ற பஸ் ஹாரன் எனக்குக் கேக்கலைன்னா?" என்றார். "குமாரசாமி இன்னொரு வண்டி வேணும்னு சொல்லிட்டிருந்தான். குடுத்தரலாம்."

டாக்டரிடம் போகலாம், காது மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "போலாம். அது எனக்கு. வண்டி அவனுக்கு" என்றார்.

விஷயத்தைக் குமாரசாமியிடம் அவரே சொன்னார். அன்றோடு ஸ்டாண்டில் கோழிக்குஞ்சுப் பேச்சு நின்றது. அது இவருக்குப் பிடிக்கவில்லை. "ஏண்டா, செத்த ஊட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கறீங்க? கத்தற வண்டி கத்துதுன்னுதானே சொன்னீங்க" என்று அவர்களைத் திட்டினாராம்.

குமாரசாமி உடனே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சத்தத்தோடு கொடுக்கமாட்டேன் என்றார் இவர். புது பெல்ட் வரட்டும், நானே மாட்டித் தருகிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை பெல்ட் வந்தது. புதன்கிழமை காலை ஸ்டாண்டில் வைத்து மாட்டினார். "பெல்ட்டு விறைப்பா நிக்கோணும், டைனமோவ வெளிய இழுத்துப் புடி" என்று சொன்னவர், கொஞ்சம் உட்காருகிறேன் என்று படிக்கட்டில் உட்கார்ந்தார் என்றும், பிறகு எழுந்திருக்கவில்லை என்றும் குமாரசாமி சொன்னார்.

அடக்கம் முடிந்த மறுநாள், ஸ்டாண்டுக்காரர்கள் இஞ்சினைப் போடாமலே வண்டியை இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார்கள். நான் பானெட்டைத் திறந்து பார்த்தேன். புது பெல்ட் சரியாக உட்கார்ந்திருக்கிறது. டைனமோவை இழுத்த இடத்திலேயே பிடித்து நிறுத்தும் மேல் போல்ட்டு மட்டும் இறுக்காமல், ஸ்பேனரோடு இருக்கிறது.