நோம்பி சாட்டிய பின் ஒரு மலை ரயில்

அம்மா இறந்தது மாசி மாதத்தில். அந்தச் சித்திரையிலேயே குடும்பத்தோடு ஊட்டிக்குப் போவது என்று நாங்கள் முடிவு செய்தோம். கேட்பவர்களுக்கு இது சரியாகப் படாது என்று எனக்குத் தெரியும். துக்கம் நடந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் மலைக்கு ஊர் சுற்றப் போகிறாயா என்று பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் கேட்டிருந்தால், பதில் சொல்லும் திறமை எனக்கில்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

காரணம் அப்பா. அவர் அன்னூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளை வீட்டில் தனியாக இருந்தார். என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். மில்லுக்கு வார லீவு வரும்போதெல்லாம் நாங்கள் தோட்டத்துக்குப் போவோம். ஒவ்வொரு முறையும் அப்பாவின் தோள் எலும்பு இன்னும் கொஞ்சம் மேலே வந்திருக்கும். மத்தியானம் ஒரு வேளைதான் பொங்குவார். அதிலும் பாதி நாய்க்குப் போகும். அடுத்த தோட்டத்து அக்கா என்னைத் தனியாக அழைத்து, "உங்கப்பன் சாளைக்குள்ள படுக்கறதே இல்லை அம்மணி. மாட்டுக்குப் பக்கத்துல கட்டலைப் போட்டுட்டு முழிச்சுட்டுக் கெடக்கறாரு" என்றாள். எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், "மாட்டை யாரு கண்ணு பாக்கறது?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அம்மாவின் பின்னாலேயே அப்பாவும் போய்விடுவார் என்று நான் பயந்தேன். வெளியே சொல்லவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் புரிந்துகொண்டார்.

"ஒரு மாத்தம் வேணும் புள்ள. மூணு நாள் அந்தக் குளுர்ல உக்காந்துட்டு வந்தா எந்த மனுசனுக்கும் பசியெடுக்கும்" என்றார். மில்லில் சிலர் சேர்ந்து ஒருமுறை ஊட்டிக்குப் போனபோது அவரும் போயிருந்தார். அந்த மலை ரயிலைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லி எங்கள் மகனுக்கும் மகளுக்கும் அது மனப்பாடம்.

லீவுக்குச் சொல்லியாயிற்று. மாட்டை அடுத்த தோட்டத்து அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கூட வேலை செய்பவரின் மச்சினர் ஊட்டியில் இருந்தார். அவர் மூலமாகத் தங்க ஓர் அறைக்கும் ஏற்பாடாயிற்று. ஸ்வெட்டரை இரவல் கேட்கக் கூச்சப்பட்டு, பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு வாங்கினோம். தனக்குத் தன் கம்பளியே போதும் என்றார் அப்பா.

முதலில் அவர் மறுக்கவில்லை. பேத்தி மடியில் உட்கார்ந்து கேட்டதால் இருக்கலாம்.

"அப்பச்சி, இஞ்சின் பின்னாடி நின்னு தள்ளுமாமா!"

"தள்ளுமா? வண்டிக்குப் பின்னால மாட்டைக் கட்டற ஊரு எங்கடா இருக்குது?"

"நெசமுங்க மாமா" என்றார் என் வீட்டுக்காரர். "தண்டவாளத்துக்கு நடுவால பல்லு வெச்சிருக்குதுங்க. அதைக் கடிச்சுக் கடிச்சு ஏறுமுங்க."

"பல்லில்லாத கெழவனை பல்லு வெச்ச வண்டில ஏத்தறீங்களாக்கும்" என்றார் அப்பா. சிரிக்காமல்தான் சொன்னார். ஆனாலும் அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலமே நாங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். மறுநாள் விடியக்காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய் ரயிலைப் பிடிப்பது என்று திட்டம். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊருக்குள் தப்பட்டைச் சத்தம் கேட்டது. மாரியம்மன் கோயில் வாசலில் கம்பம் நட்டிருந்தார்கள். பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் அம்மன் திருவிழாவான நோம்பியைச் சாட்டி, அதாவது ஊரறிய அறிவித்து, கம்பம் நட்டுவிட்டால், அது முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இருட்டுவதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். என்னைப் போலக் கட்டிக்கொடுத்த பெண்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. அப்பாவுக்கு உண்டு. இதுகூடத் தெரியாமலா நாள் குறித்தாய் என்று கேட்கலாம். பிறந்து வளர்ந்த ஊரின் நோம்பி எனக்கு மறக்குமா? ஆனால் என்றைக்குச் சாட்டுவது என்று ஒவ்வொரு வருஷமும் ஊரில் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள். அதை எனக்கு ஆள் மூலமாகச் சொல்லியனுப்புகிறவள் அம்மா. அந்த வருஷம் சொல்லியனுப்ப ஆளில்லை. சொல்லி வராததால், இன்னும் சாட்டவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

சாளையில் அப்பா கம்பளியைக்கூட எடுத்து வைக்கவில்லை. "சாட்டியாச்சு கண்ணு. நீங்க போயிட்டு வாங்க" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் விடவில்லை. ஊரில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கும் ஊர்க்கவுண்டரிடம் போனார். அவர் அப்பாவுக்கு மச்சான் முறை, அம்மாவுக்கு அண்ணன் முறை. கேட்ட உடனே செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். நல்லது செய்யத்தான் வந்தார்.

"இதென்னுங்க மச்சான், சின்னப் புள்ளையாட்டம்? தங்கச்சி போயி மூணு மாசம் ஆகலை. தீட்டு ஊட்டுக்கு இந்த வருசம் நோம்பியே இல்லீங்களே. உங்ககிட்ட வரியும் வாங்கலை, காப்பும் கட்டப் போறதில்லை. எங்க வேணும்னாலும் போயித் தங்குங்க. சாமி ஒண்ணும் கேக்காது."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் ஊரில் எல்லா வீட்டுக்கும் இருக்கும் ஒன்று நம் வீட்டுக்கு இல்லை என்பதை அதுவரை யாரும் அப்பாவின் முகத்துக்கு எதிரே சொன்னதில்லை. அப்பா எழுந்து கிணற்று மேட்டுக்குப் போனார். ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்து, "நாஞ் சொன்னதுல ஏதாச்சும் தப்புங்களா அம்மணி?" என்றார். "இல்லீங் மாமா" என்றேன்.

அப்பா திரும்பி வந்தபோது பொழுது இறங்கியிருந்தது.

"நான் வாரேன்" என்றார். "ஆனா ராத் தங்க மாட்டேன். எனக்கு நோம்பி இல்லைன்னு நீங்க சொல்றீங்க, செரி. ஆனா அவ இருந்தா ஒரு ராத்திரி என்னை வெளியில உட்டிருப்பாளா?"

"அதுஞ் செரிதானுங்" என்று சொல்லிவிட்டு ஊர்க்கவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம். ஊர்க்கவுண்டர் போன பிறகு என்னிடம், "ராத் தங்காம ஊட்டி வரைக்கும் போயித் திரும்ப முடியாது. குன்னூருக்குப் போயி ஒரு டீயைக் குடிச்சுட்டு எறங்கறதுக்கா இத்தனை பாடு?" என்றார். அவர் யோசனை சொன்னால் சரி என்பதுதான் என் வழக்கம். அன்று மட்டும், "ஏனுங்க, நீங்க புள்ளைகளைக் கூட்டீட்டு ஊட்டிக்குப் போங்க. குன்னூர்ல நானும் அப்பாவும் கீழ வர்ற வண்டில ஏறிக்கறோம்" என்றேன். அவர், "அப்ப மூணு நாளும் இதுகளுக்குத் தலை சீவறது நானா?" என்றார். அதுதான் சம்மதம்.

அப்படித்தான் போனோம். மேட்டுப்பாளையத்தில் அப்பா வண்டியின் பின்னால் போய், இஞ்சின் அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து ஏறினார். கல்லாறு தாண்டிப் பல் மாட்டியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஏறத் தொடங்கியது. பிள்ளைகள் ஒவ்வொரு குகைக்கும் கத்தினார்கள். அப்பா கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டிக்கு அடியில் வரும் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தார். இது வீண் வேலை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

குன்னூரில் கட்டுச்சோற்றுப் பொட்டலங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் இறங்கிக்கொண்டோம். மகள் அழுதாள். வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் குளிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அப்பாவோடு தனியாக இருந்து எனக்குப் பழக்கமில்லை. அவருக்கும் இல்லை.

கீழே இறங்கும் வண்டி பாதி தூரம் வந்திருக்கும். ஒரு ஸ்டேஷனில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றது. அப்பா இறங்கி முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏறறப்ப பின்னால நின்னு தள்ளுச்சு. எறங்கறப்ப முன்னால நின்னு தாங்குது. நம்ம கெணத்துல கவலை எறைக்கற மாடாட்டம்தான் கண்ணு. தண்ணி எறைக்க வாரில எறங்கறப்பவும் பாடு, பின்னால நடந்து மேல ஏறறப்பவும் பாடு."

மாசிக்குப் பிறகு அவர் இத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. நான் "ஆமாங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்கம்மாளுக்கு இந்தக் குளுரு ஆகவே ஆகாது. வந்திருந்தான்னா இருமி இருமி நம்மளைக் கொன்னுருப்பா."

லேசாகச் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தத் துண்டை முகத்திலேயே வைத்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேட்டுப்பாளையத்தில் அன்னூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. நான் வேகமாக நடந்தேன். அப்பா பின்னால் நின்றுவிட்டார்.

"பசிக்குது கண்ணு" என்றார்.

காப்பி கிளப்பில் சாப்பிடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. சந்தைக்குப் போனால்கூடச் சாப்பிடாமல்தான் வீடு வருவார். இலை போட்டு இட்லி வைத்தார்கள். தலையைக் குனிந்து, வேறு எதையும் பார்க்காமல் சாப்பிட்டார். இன்னும் இரண்டு வைக்கச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் சாப்பிட்டார். அந்த பஸ் போய்விட்டது.

என் இலையில் வைத்தது அப்படியே இருந்தது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு அதைப் பார்த்தார்.

"நீயேன் கையை வெச்சுட்டு உக்காந்திருக்கற? தின்னு. அடுத்த பஸ்ஸுலயாச்சும் போனாத்தான் பொழுதோட ஊடு சேர முடியும்."