ஆதிலட்சுமி போடும் அம்புக்குறி

தடம் இரண்டாகப் பிரியும் இடம் வந்ததும் ஆதிலட்சுமி ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறார். சைக்கிள் கைப்பிடியில் தொங்கும் ஊறுகாய் டப்பாவைத் திறந்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, வெள்ளைக் களிமண் குழம்பை வழித்துப் பாறையில் ஓர் அம்பு இழுக்கிறார். அம்பின் மூக்கு எப்போதும் கொஞ்சம் கோணல். விரலைத் துப்பட்டாவில் துடைக்க மாட்டார், சைக்கிளில்தான் துடைப்பார். கறுப்பாக வாங்கிய அந்த கியர் சைக்கிள் இப்போது பாதி வெள்ளையடித்த சுவர் போல இருக்கிறது.

முன்பெல்லாம் அம்பைப் போட்டதும் கிளம்பிவிடுவார். இப்போது எங்கள் கூட்டத்தின் கடைசி ஆள் கடந்து போகும் வரை அங்கேயே நிற்கிறார். கடைசி ஆள் பெரும்பாலும் நான்தான் என்பதால் அவருக்கு நிறைய நேரம் வீணாகிறது. இந்த மாற்றத்துக்குக் காரணம் உண்டு, அதற்கு வருகிறேன்.

"ஏங்க்கா, சின்னதா ஒரு பெயின்ட் டப்பா வாங்கி வச்சிக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பெயின்ட அடிச்சா அது மலையிலயே கெடக்கும் தம்பி. இது மண்ணு. மழ பேஞ்சா மண்ணோட மண்ணா போயிடும். நாம வந்த அடையாளமே மலைக்குத் தெரியக் கூடாது" என்றார். அந்த டப்பாவில் அவருக்கு அவ்வளவு பெருமை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அவருக்குப் பொம்மைப் பிரிவில் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து எடுப்பார். பிள்ளையாரோ, முயலோ, குடம் சுமக்கும் பெண்ணோ, எதுவானாலும் இவர் கை பட்ட பிறகுதான் சூளைக்குப் போகும். மனிதர்களையும் அதே கணக்கில்தான் பிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் புதிதாகச் சேர்பவர் 'பச்ச மண்ணு'. சைக்கிளைத் தள்ளாமல் ஒரு மலை ஏறி இறங்கினால் 'ஒரு சூடு வாங்கினவரு'. நான் சேர்ந்து வெகுநாள் ஆகிறது. இன்னும் பச்சை மண்தான். சொன்னால் வெட்கம், எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

சைக்கிள் அவருடையதே அல்ல. மகள் மதிவதனி அடம்பிடித்து வாங்கி, ஒரு வருடம் ஓட்டிவிட்டு, கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள். சுவரோரம் தூசி படிந்து கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் கம்பெனிக்கு ஓட்ட ஆரம்பித்தார். பிறகு மணிமுத்தாற்று மணலில் இறக்கிப் பார்த்தார். பிறகு முந்திரித் தோப்புகளுக்குள், களிமண் வெட்டிய பள்ளங்களுக்குள். "நம்மூரு ஆத்துல பாதி நாளு மணலுதான் ஓடுது. தண்ணி கல்ராயன் மலையிலேர்ந்து வருதுன்றாங்களே, அங்கயாச்சும் இருக்குதான்னு பாத்துட்டு வரலாம்னு போனேன்" என்பார், ஏதோ கடைத்தெருவுக்குப் போய் வந்த மாதிரி.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு ஒரு குட்டியானை லோடு வண்டியில் சைக்கிள்களை அடுக்கிக்கொண்டு, விடியலில் கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து மலையேறுகிறோம். தலைமை ஆதிலட்சுமி. சுடிதார் காலை சாக்ஸுக்குள் செருகியிருப்பார். கொண்டை மேல் ஹெல்மெட் உட்காராது என்பதால் கொண்டையை இறக்கிப் போட்டு, பூவை மட்டும் ஹெல்மெட்டின் பின்வாரில் சுற்றியிருப்பார். ஏற்றத்தில் வாய் ஓயாது. கம்பெனி மேஸ்திரி, பக்கத்து வீட்டு நாய், துவரம்பருப்பு விலை எல்லாம் ஏறும். எங்களுக்கு மூச்சு வாங்கும், அவருக்குப் பேச்சு வாங்கும். இறக்கத்தில் ஒரு வார்த்தை வராது. மர வேரும் சரளையுமாகச் சரியும் ஒற்றையடித் தடத்தில் எழுந்து நின்று, பிரேக்கில் ஒரு விரலை மட்டும் வைத்து, புங்க மரங்களுக்கு நடுவே போய்விடுவார். கீழே ஓடைச் சத்தம் கேட்கும் இடத்தில்தான் மறுபடி அவர் குரல் கேட்கும்.

கணவர் பழமலைநாதனுக்கு இதெல்லாம் கேலி. விருத்தாசலத்துக்கும் திட்டக்குடிக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். "மலையில போயி என்னா டிக்கெட்டா ஏத்தப் போற?" என்பார். ஆனால் சுகர் ஏறிப் போய், டாக்டர் நட, ஓடு, ஏதாவது செய் என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகு, போன சித்திரையில் யாரிடமோ ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஆதிலட்சுமி கட்டுச்சோற்றில் இன்னொரு பொட்டலம் சேர்த்துத் தன் முதுகுப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று எனக்குப் பின்னாலும் ஒருவர் வந்தார். அந்த மகிழ்ச்சியை நான் மறைக்கவில்லை.

மலைமேல் கடைசி ஊரில் ஒரு டீக்கடை. பழமலைநாதன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஊருக்கு வரும் ஒரே பஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்று ஊர்க்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள், ஏதோ அவர் ஓட்டும் பஸ் போல. "நீங்க போயிட்டே இருங்க தம்பி. ஒரு டீய குடிச்சிட்டு பின்னாலயே வரேன். அதான் எங்க வூட்டம்மா கோடு கிழிச்சிக்கினே போவுதே" என்றார். நானும் கிளம்பினேன். தடம் பிரியும் பாறையில் அம்பு பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்து வலப்பக்கம் திரும்பி, அருவிப் பள்ளத்தில் இறங்கினேன்.

இறங்கிய கையோடு கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாறைச் சரிவின் அடியில் எல்லோரும் ஒடுங்கி நின்றோம். மழை வந்த வேகத்திலேயே விட்டது. வெயில் வந்தது. பொட்டலங்களைப் பிரித்தோம். பழமலைநாதன் மட்டும் வரவில்லை.

"டீக்கடையில கத பேசிக்கினு இருப்பாரு" என்றார் ஆதிலட்சுமி. கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்கவில்லை. சட்டென்று நிமிர்ந்தார். "மழ பேஞ்சிதே!"

அவர் சைக்கிளை எடுத்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருக்கும் இளமதியை மற்றவர்களோடு அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, பாதி ஓட்டியும் பாதி தள்ளியும் பின்னால் போனேன். பிரியும் இடத்தில் அவர் பாறையைத் தடவிக்கொண்டு நின்றார். அம்பு இல்லை. அம்பு இருந்த சுவடும் இல்லை.

"சுடாத மண்ணு கரையும்னு எனக்குத் தெரியாதா தம்பி? தெனம் தண்ணியத் தொட்டுத் தொட்டு அதத்தான கரைக்கிறேன். எனக்கு எப்புடி தோணாம போச்சு?"

இடப்பக்கத் தடத்தின் ஈரச் சேற்றில் டயர் கோடு ஒன்று இறங்கிப் போயிருந்தது. அது எங்கே போகிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. போனில் சிக்னல் இல்லை. "காலையில ரெண்டு இட்லி தின்னாரு. மாத்திரைய மட்டும் முழுசா போட்டாரு. சோறு எங்கிட்ட கெடக்குது. இந்நேரம் சுகர் எறங்கி எங்க வுழுந்து கெடக்குறாரோ" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். தடத்தின் ஒரு பக்கம் மூங்கில் புதர், மறுபக்கம் ஓடையை நோக்கிய சரிவு. கொஞ்ச தூரத்தில் தடம் பாறையாக மாற, டயர் கோடும் போய்விட்டது. ஆதிலட்சுமி நின்று கத்தினார். "ஏங்க! ஏங்க!" மலை அதையே இரண்டு முறை திருப்பிச் சொன்னது. அவர் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அன்று கூப்பிட்டார், அடித்தொண்டையிலிருந்து. "பழமல! யோவ் பழமல!"

கீழே மூங்கிலுக்கு அப்பாலிருந்து ஒற்றை விசில் வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லும் கண்டக்டர் விசில். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் சத்தம்தான். அன்று போன உயிர் அந்தச் சத்தத்தில் திரும்பி வந்தது.

ஓடைக்கரைப் பாறையில் பழமலைநாதன் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, நெற்றியில் மட்டும் தனியாக வியர்வை. சைக்கிள் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. விசிலைப் பிடித்த கை நடுங்கியது. "ரெண்டு வழியா போச்சு. போர்டும் இல்ல, அம்பும் இல்ல. எறக்கமா இருக்குறதுதான் நம்ம ரூட்டுன்னு வந்துட்டேன். திடீர்னு காலு ஓடல" என்றார், குளறலாக.

ஆதிலட்சுமி முதுகுப்பையிலிருந்த கடலைமிட்டாயைப் பல்லால் கடித்து உடைத்து, துண்டு துண்டாக அவர் வாயில் வைத்தார். தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் தெளிந்ததும் புளிச்சோற்றை உருட்டிக் கொடுத்தார். அவர் முகத்தில் மெல்ல நிறம் வந்த பிறகுதான் திட்ட ஆரம்பித்தார். டீக்கடையைத் திட்டினார், இட்லியை மிச்சம் வைத்ததைத் திட்டினார், மழையைத் திட்டினார், தன் களிமண் டப்பாவைத் திட்டினார். பழமலைநாதன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். நானும் சிரித்தேன். எனக்கும் கொஞ்சம் திட்டு கிடைத்தது. அவ்வளவு ருசியான திட்டை நான் வாங்கியதில்லை.

கையைக் கழுவியதும் மனிதர் எழுந்து சைக்கிளை நிமிர்த்தினார்.

"வா, ஓட்டிக்கினே போயிடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாதான் இருக்கேன்."

"நடந்து வாங்க."

"அட, பாரு, கை ஆடல." ஆடியது. ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடப் போனார்.

ஆதிலட்சுமி குனிந்து அந்த சைக்கிளின் முன்சக்கரத்தில் வால்வு மூடியைத் திருகி எடுத்து, நகத்தால் அழுத்தினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. பின்சக்கரத்துக்குப் போனார்.

"ஏய், என்னா பண்ற நீ? நா தள்ளிக்கினு வரணும், நீ மட்டும் ஜம்முனு ஓட்டிக்கினு முன்னால போவியா?"

ஆதிலட்சுமி எழுந்து போய்த் தன் சைக்கிளின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் வால்வையும் அழுத்தினார். கடைசிச் சொட்டுக் காற்றும் இறங்கும் வரை விரலை எடுக்கவில்லை.