நெஞ்சுக்குள் எது முந்துகிறது

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தேன். உளி கையில் இருந்தது நினைவிருக்கிறது. அடுத்து, தரையில் கிடந்தேன். நடுவில் கொஞ்ச நேரத்தைக் காணோம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். உடம்பு முடியாதவனும் விடியலில் பெரட்டுக்கு (பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்) நடந்து போய்த் தலையைக் காட்டிவிட்டுத்தான் டிரசரிடம் (தோட்ட மருந்தகத்தைப் பார்ப்பவர்) போகவேண்டும். வழியெல்லாம் மேடு. மூச்சிரைக்கப் போய் நிற்பேன். அவர் நாடி பிடிப்பார்.

"நல்லாத்தானே அடிக்குது லா. சும்மா எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்டு வராத, வேலைக்குப் போ."

மூன்று முறை இதே பாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்டோரும் (வேலை வாங்கும் கங்காணி) இவரும் பேசிவைத்துக்கொண்டுதான் என்னைச் சோம்பேறியாகக் காட்டுகிறார்கள் என்று நம்பினேன்.

ஒரு ஞாயிறு மதியம், நான் படுத்திருந்தபோது என் மனைவி பார்வதி கடிகாரத்தைப் பார்த்து என் நாடியை எண்ணினாள். நிமிடத்துக்கு முப்பத்தாறு. மேடேறினால் கூடுகிற துடிப்பு, படுத்தால் இறங்கிவிடுகிறது. டிரசர் பொய் சொல்லவில்லை. நடந்து வந்தவனை மட்டுமே அவர் பார்த்திருக்கிறார். உங்களுக்கும் இப்படி மயக்கம் வந்தால், படுத்திருக்கும்போது ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள்.

மறுநாளே சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்; அங்கிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தமிழ் டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். இதயத்தின் வலது மேல்பக்கத்தில் ஒரு சின்ன இடம் (சைனஸ் கணு) முதலில் துடிக்குமாம். அங்கிருந்து அலை பரவி, மற்ற இடமெல்லாம் சேர்ந்து துடிக்குமாம்.

"அப்ப அதுதான் மண்டோரா?"

"யாரும் அதுக்குப் பதவி குடுக்கலங்க. இன்னும் சில இடமும் தானா துடிக்கும். எது வேகமா துடிக்குதோ, அது பின்னால மத்தது போகும். உங்களோடது அசந்து போச்சு. பேஸ்மேக்கர் (துடிப்பைத் தூண்டும் சிறு கருவி) வைக்கணும்."

மிஷினை என் தலையில் கட்டப் பார்க்கிறார்களோ? நாளைக்கு அது இழுத்த இழுப்புக்கெல்லாம் நான் போகவேண்டுமோ?

"மிஷின் சொல்லி அடிக்கிற நெஞ்சு எனக்கு வேணாம்," என்றேன்.

"ஒங்க சந்தேகத்த வச்சு நான் என்ன செய்ய? எனக்கு நீங்க வேணும். கையெழுத்துப் போடுங்க," என்றாள் பார்வதி. அவளுக்காகத்தான் போட்டேன்.

தோளுக்குக் கீழே, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய புடைப்பு. மயக்கம் நின்றது. மனம் மட்டும் அடங்கவில்லை. இப்போது துடிப்பது நானா, அதுவா?

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் அதையே கேட்டேன்.

"மிஷின் வேகத்தைக் கொஞ்சம் கொறைக்கிறேன். உங்க சொந்தத் துடிப்பு எப்படின்னு பாப்போம்," என்று புடைப்பின் மேல் ஒரு கருவியை வைத்தார்.

ஒரு துடிப்பு. பிறகு ஒன்றுமில்லை. பயந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பார்வதியின் முகம் மங்கியது. அவளைக் கூப்பிட வாய் திறந்தேன். குரல் வருவதற்குள் ஒரு பகல் முழுக்கக் கழிந்த மாதிரி இருந்தது. அடுத்த துடிப்பு வந்தது.

"இதுதான் உங்களோடது," என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "போதும்மா. மிஷினையே அடிக்கச் சொல்லுங்க."