அம்மன் ஆடிய தலைப்பட்டை

என் அப்பாவுக்கு வேலை என்றால் போய்விட்டு வருவது. காலையில் குளித்துச் சாப்பிட்டு ஓர் இடத்துக்குப் போக வேண்டும், சாயங்காலம் களைத்துத் திரும்ப வேண்டும். நடுவில் என்ன செய்தோம் என்பது இரண்டாம்பட்சம். அவருடைய கோழிப்பண்ணை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதற்கே செருப்பை மாட்டி, "போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். அப்படிப்பட்டவருடைய மகள் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, மல்லசமுத்திரத்து வீட்டு மாடியறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துகொண்டு, நானே சொந்தமாக வெப்சைட் செய்து கொடுக்கப்போகிறேன் என்றால் அவர்தான் என்ன செய்வார், பாவம். முட்டை ஏற்ற வருகிறவர் கேட்டாலும் சரி, கல்யாண வீட்டில் பார்த்த சொந்தக்காரர் கேட்டாலும் சரி, ஒரே பதில்: "புள்ள ஊட்டுல சும்மாதானுங்க இருக்கறா."

அந்த 'சும்மா' காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறும். மாடியிலிருந்து இறங்கி வந்து சண்டை போடலாம் என்று எழுவேன். அதற்குள் யாராவது வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டுவிடுவார். சும்மா இருப்பவளுக்கு அதற்குக்கூட நேரமில்லை.

கடைசியில் அப்பா ஓர் ஏற்பாட்டோடு வந்தார். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலைக்குப் பேசி வைத்துவிட்டார். பஸ் வாசலுக்கே வரும், மத்தியானச் சோறு அங்கேயே, ஆயுத பூஜை லீவு முடிந்ததும் சேர வேண்டியது. நான் முடியாது என்றேன். அவர் கத்தவில்லை. கத்துகிற ஆளும் இல்லை. "உங்க சித்தப்பன் பட்டறைக்கு அந்த வெப்சைட்ட நீயே செஞ்சு குடு. அவன் ஒத்துக்கிட்டான்னா நானும் ஒத்துக்கறேன். இல்லீன்னா பேசாம பஸ் ஏறிரு" என்றார்.

சுலபமான பந்தயம்போலத் தெரியும். என் சித்தப்பாவை அறியாதவர்களுக்கு.

அவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார். இன்ஜினும் சக்கரமுமாக மொட்டையாக வந்து நிற்கிற வண்டி, அவர் பட்டறையைவிட்டுப் போகும்போது மாப்பிள்ளைக்கோலத்தில் போகும். ஆனால் அதுவரைக்கும் அந்த வண்டியைச் செய்கிறவர்களின் பாடு திண்டாட்டம்தான். ஓர் ஆணி தலை தூக்கியிருந்தால் போதும், பலகையையே கழற்றச் சொல்லிவிடுவார். 'நல்லாருக்கு' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. எல்லாம் முடிந்த பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, "தாட்டி உடு" என்பார். அனுப்பி விடு என்று அர்த்தம். அதற்கு மேல் அவரிடம் பாராட்டு கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. டிரைவர் உட்காரும் கேபினுக்கு மேலே, வண்டிக்கு நெற்றிபோல ஒரு பலகை இருக்கும். அதில் எங்கள் குலதெய்வமான அம்மனை எழுதாமல் ஒரு வண்டியும் பட்டறை வாசலைத் தாண்டாது. மற்ற எழுத்துகளை இடத்துக்குத் தக்கபடி பெரிதாகவோ சிறிதாகவோ போட்டுக்கொள்ளலாம். அம்மனை மட்டும் ஒரே அளவில்தான் எழுத வேண்டும். இடம் பற்றவில்லை என்றால் பலகையைப் பெரிதாக்குவார். அம்மனைச் சிறிதாக்க மாட்டார். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். பார்த்து என்ன பயன்?

வெப்சைட்டின் உச்சியில் ஒரு பட்டை இருக்கும். கடைப்பெயர், படம், எங்கெங்கே போகலாம் என்கிற பொத்தான்கள் எல்லாம் அதில்தான். நாங்கள் ஹெட்டர் என்போம். தலைப்பட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பக்கத்தைக் கீழே தள்ளிப் படிக்கும்போது அந்தப் பட்டை பெரிதாக நின்றால் படிக்க இடம் இருக்காது. அதனால் கீழே தள்ளத் தள்ள அதைச் சுருக்கிவிடுவது எங்கள் தொழிலில் ஓர் அழகு. நான் அதில் கெட்டிக்காரி. சித்தப்பாவின் தலைப்பட்டையில் அம்மனை நடுநாயகமாக வைத்தேன். விரலால் தள்ளினால் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு சிறுத்துப் போய் ஓரத்தில் நிற்கும்படி செய்தேன். எனக்கே என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். சித்தப்பா போனைக் கையில் வாங்கவே யோசித்தார். பக்கத்தில் சித்தி. கணக்குவழக்கும் வேலையாட்கள் டீயும் அவள் பொறுப்பு, அதனால் எப்போதும் அங்கேதான் இருப்பாள். சித்தப்பா தடிமனான பெருவிரலை வைத்து மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளினார். நான் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் சரக்கென்று தள்ளியிருந்தேன். இப்படி ஒருவர் எள்ளளவு தள்ளிவிட்டு விரலை அப்படியே வைத்திருப்பார் என்று யார் நினைத்தது?

அம்மன் சிறுத்தாள். உடனே பெருத்தாள். மறுபடி சிறுத்தாள், பெருத்தாள். சித்தப்பாவின் விரல் அசையவே இல்லை. திரையில் அம்மன் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங்க, அம்மன் ஆடுது பாருங்க" என்றாள் சித்தி. கையிலிருந்த டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள். அங்கே ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்தவர் ரம்பத்தை நிறுத்தினார். பெயிண்டர் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தார்.

எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. தலைப்பட்டை சிறுத்தால் பக்கம் அந்த அளவுக்கு மேலே ஏறும். பக்கம் ஏறியதும் 'ஓகோ, உச்சிக்கு வந்துவிட்டோம்' என்று நினைத்துப் பட்டை பெருக்கும். பெருத்ததும் பக்கம் இறங்கும். இறங்கியதும் மறுபடி சிறுக்கும். எல்லையிலேயே விரலை வைத்திருந்தால் நாள் முழுக்க இப்படி ஆடிக்கொண்டேயிருக்கும். இதை நான் வாயைத் திறந்து விளக்குவதற்குள் சித்தி முந்திக்கொண்டாள். "ஆத்தா, என்ன கொறைன்னு சொல்லு" என்று போனைப் பார்த்துக் கேட்டாள். பயந்துபோய்ச் சித்தப்பா விரலை எடுத்தார். ஆட்டம் சட்டென்று நின்றது. நின்ற இடம்தான் வினை. அம்மன் சிறுத்தபடி ஓரத்தில் நின்றாள்.

"இத்துனூண்டு பண்ணிப்போட்டயே கண்ணு. அதான் ஆத்தாளுக்குப் புடிக்கல" என்றார் சித்தப்பா.

"சித்தப்பா, அது கம்ப்யூட்டர் கோடுல ஒரு தப்புங்க. ஒரு மணி நேரத்துல சரி பண்ணிருவனுங்க."

"தப்புன்னுதான் நானுஞ் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து கோபத்தில் சாப்பிடாமல் படுக்கலாம் என்று பார்த்தேன். வரகரிசிச் சோறும் கொள்ளுப் பருப்பும் மணந்ததால் அந்த யோசனையைக் கைவிட்டேன். அப்பா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கு முன்பே போனில் வந்திருக்க வேண்டும். "அம்மன் ஆடுச்சாமா?" என்று மட்டும் கேட்டார். மீசைக்கு அடியில் சிரிப்பு. பள்ளிக்கூட வேலைக்கு இரண்டு காட்டன் புடவை எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார்.

ஆட்டத்தை நிறுத்துவது பெரிய காரியம் இல்லை. பட்டை சிறுத்தாலும் அதன் இடத்தைப் பக்கத்தில் காலியாக விட்டுவைத்தால் எதுவும் ஏறி இறங்காது. அம்மனைச் சிறிதாக்காமல் இருப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. முழு அளவில் அப்படியே நிறுத்திப் பார்த்தேன். போனில் பாதித் திரையை அம்மனே பிடித்துக்கொண்டாள். வண்டி கட்ட விலை கேட்டு வந்திருந்த ஒருவரிடம் சித்தப்பா காட்டியிருக்கிறார். அவர், "கோயில் வெப்சைட்டுங்களா?" என்று கேட்டுவிட்டாராம். சரி என்று, கீழே தள்ளும்போது பட்டையை முழுதாக மறைத்து, மேலே தள்ளினால் முழு அளவில் வரும்படி செய்தேன். பெரிய பெரிய தளங்களே இப்படித்தான் செய்கின்றன. சித்தப்பா ஒரு தள்ளு தள்ளினார். "ஓடிப் போச்சே" என்றார். அவ்வளவுதான், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா புடவை எடுத்தே விட்டாள். ஒன்று கிளிப்பச்சை, ஒன்று மாம்பழ மஞ்சள். இரண்டும் நன்றாகவே இருந்தன. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பள்ளிக்கூடத்து வேலையை நான் கேவலமாக நினைக்கவில்லை. எனக்குப் பிடித்த வேலை இன்னொன்றாக இருந்தது. தள்ளுகிற விரலுக்கு ஒரு பக்கம் எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்வதில் எனக்கு இருக்கிற சந்தோஷம் வேறு எதிலும் இல்லை. அதை எப்படி வீட்டில் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியாமல் அழுகையே வந்துவிட்டது.

மனசு சரியில்லாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டுப் பக்கம் கிளம்பினேன். எதிரே ஒரு லாரி வந்தது. தூரத்திலேயே தெரிந்துவிட்டது, நெற்றியில் எங்கள் அம்மன், சித்தப்பா பட்டறை வண்டி. பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வண்டி என்னைக் கடந்தது. ஸ்கூட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். அதன் பின்கதவு தெரிந்தது. சித்தப்பா எல்லா வண்டிக்கும் போடுகிற இரண்டு கிளி, நடுவில் தாமரை, அதன் கீழே பட்டறைப் பெயர்.

ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டேன். ரோட்டோரத்தில் நின்று தனியாகச் சிரிக்கிற பெண்ணைப் பார்த்து ஒரு டிராக்டர்காரர் வேகத்தைக் குறைத்தார்.

அம்மன் எங்கேயும் ஓடவில்லை. வண்டி நம்மைத் தாண்டிப் போனால் அதன் முதுகைத்தான் பார்ப்போம். அதற்காக அம்மன் சிறுத்துவிட்டதாகவோ ஓடிவிட்டதாகவோ எந்த டிரைவரும் சொன்னதில்லை, சித்தப்பாவும் சொன்னதில்லை. அவரே முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக எழுதித்தானே அனுப்புகிறார்.

வீட்டுக்குத் திரும்பி மாடியேறினேன். கீழே தள்ளும்போது வண்டி தாண்டிப் போகிறது என்று வைத்துக்கொண்டேன். அப்போது தலைப்பட்டை திரும்பி, பின்கதவாகிவிடும்: கிளி, தாமரை, பெயர், பொத்தான்கள், எல்லாம் ஒல்லியான ஒரே வரிசையில். மேலே தள்ளினால் வண்டி எதிரே வருகிறது. அப்போது நெற்றிப் பலகை, அம்மன், முழு அளவில். நடுவில் சிறுப்பதும் பெருப்பதும் கிடையாது. அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்றாம் தடவை தட்டையே மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆயுத பூஜையன்று பட்டறையைக் கழுவிவிட்டு, வெல்டிங் மெஷினுக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பொரியும் கடலையும் தாம்பாளத்தில் குவிந்திருந்தன. அப்பா வெள்ளை வேட்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வேண்டுமென்றே மாம்பழ மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். தோற்றால் எப்படியும் கட்டத்தானே போகிறோம்.

பூஜை முடிந்ததும் சித்தப்பாவிடம் போனை நீட்டினேன். அவர் பழைய மாதிரியே எள்ளளவு தள்ளி விரலை வைத்துக்கொண்டார். ஆடவில்லை. இன்னும் தள்ளினார். பட்டை திரும்பிக் கிளிகள் வந்தன. புருவம் உயர்ந்தது.

"இது நம்ம பின்கதவு" என்றார்.

"ஆமாங்க சித்தப்பா. வண்டி போகுதுங்க. இப்ப மேல தள்ளுங்க."

தள்ளினார். எதிரே வருகிற லாரியின் நெற்றியில் இருப்பதுபோல அம்மன் முழுசாக வந்தாள். அவர் கீழே தள்ளினார், மேலே தள்ளினார், மறுபடி கீழே. பெயிண்டர் எட்டிப் பார்த்து, தாமரை தன்னுடையதுதான் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னார். சித்தி முகத்தில் மட்டும் ஏமாற்றம். "அன்னைக்கு ஆடுச்சே, இன்னைக்கு ஏன் ஆட மாட்டேங்குது?" என்றாள். இத்தனை பாடுபட்டும் இதில் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்தேன். அதற்குள் அவளே பதிலையும் கண்டுபிடித்துவிட்டாள். "மனசு குளுந்துருச்சு. இனி என்னத்துக்கு ஆடோணும்?"

சித்தப்பா போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஓரங்களைத் தடவினார். பிறகு விரல் முட்டியால் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"தாட்டி உடு."

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. ஒரு கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன், அப்போதுதான் பேச முடியாது.

சித்தப்பா நேராக அப்பாவிடம் போய், அவருடைய போனை வாங்கி, அதில் வெப்சைட்டைத் திறக்க வைத்துக் கையில் கொடுத்தார். "தள்ளிப் பாருங்கண்ணா" என்றார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கீழே தள்ளினார். கிளி வந்தது. மேலே தள்ளினார். அம்மன் வந்தாள். மறுபடி கீழே, மேலே. புது விளையாட்டுச் சாமான் கிடைத்தவர்போல அதிலேயே மூழ்கிவிட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நான் வாயிலிருந்த பொரியை மெல்லுவதையே மறந்து நின்றேன்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் மணியடித்தது. விளையாட்டைக் கெடுத்தவர் மேல் எரிச்சலோடு எடுத்துக் காதில் வைத்தார். பள்ளிக்கூடத்து ஆபீசிலிருந்து.

"சொல்லுங்க... ஆமாங்க, லீவு முடிஞ்சு வாரதாத்தான் பேச்சு..." என்று இழுத்தார். என்னைப் பார்த்தார். நான் கட்டியிருந்த புடவையைப் பார்த்தார். "இல்லீங்க, வேற ஆளப் பாத்துக்கங்க. எம் புள்ள வரமாட்டாளுங்க." எதிர்முனையில் என்னவோ கேட்டார்கள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சும்மாவெல்லாம் இல்லீங்க. ஊட்டுல வேல செய்யறாளுங்க."

போனை வைத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி மேலே தள்ளினார்.