மூன்று நட்டில் ஓடிய வண்டி

நான் ஓட்டிய வண்டியின் முன்சக்கரம் என்னையே முந்திக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஊரில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தேவர்சோலைப் பக்கம் எங்கள் வரிசையில் பதினொரு வீடு. ஆளுக்கு அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று தேயிலை. எல்லார் வீட்டு இலையையும் ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோனது பதினொரு வீடும் சேர்ந்த எங்கள் குழுவின் பிக்கப் வண்டிதான். அதை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்குக் கால் முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் கிளட்சை மிதிக்க முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் ஓட்டப் பழகினேன், லைசென்சும் வாங்கினேன். குழுத் தலைவர் எங்களுக்குத் தூரத்து உறவில் மாமா முறை. அரை மனதோடுதான் சம்மதித்தார். "ஒண்ணு நடந்துச்சுன்னா சாவி கை மாறிப் போயிருமுங்க அம்மிணி" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கணவர் ஓட்டிய காலத்தில் அதே வண்டி இரண்டு முறை சாக்கடையில் இறங்கியிருக்கிறது. அப்போது சாவியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு என் கொழுந்தனார் நான்கு சக்கரத்தையும் கழற்றி, உள்ளும் புறமுமாக சில்வர் பெயிண்ட் அடித்தார். எங்கள் வண்டியில் மூட்டை ஏற்றி இறக்குவது அவர்தான். நட்டைக்கூட விடவில்லை. நட்டு உட்காரும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது, ஓட ஓட நசுங்கி நட்டு தளர்ந்துவிடும் என்று டயர் கடைக்காரர் ஒருமுறை எனக்குச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். "சாமி காரியத்துல நொட்டை சொல்லாதீங்க அண்ணி" என்று ஈரம் காய்வதற்குள் மாட்டி முறுக்கிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒன்றுக்காக என் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

மறுநாள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். பூஜை லீவில் ஒரு நாள் பறிக்காமல் விட்டதால் மூட்டை அதிகம். கொழுந்தனார் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். தலைவர் வழக்கம்போல் பைக்கில் பின்னால் வந்தார். இரண்டு மைல் போயிருப்போம், ஸ்டீயரிங் கையில் உதறத் தொடங்கியது. இடப்பக்கம் பள்ளம், வளைவு வேறு. வளைவைத் தாண்டி நிறுத்தலாம் என்று கியரைக் குறைத்தேன். அதற்குள் மடாரென்று வண்டியின் இடது முனை ரோட்டில் இறங்கியது. சக்கரம் தனியாக, ஏதோ அவசர வேலை இருப்பது போல எனக்கு முன்னால் உருண்டுபோய், பள்ளத்துத் தேயிலைக்குள் குதித்தது. வண்டியும் அதன் பின்னாலேயே போகப் பார்த்தது. நான் பிரேக்கில் ஏறி நிற்கவில்லை. ஸ்டீயரிங்கை வலப்பக்கத்து மேட்டை நோக்கி ஒடித்து, இரண்டு கையாலும் விடாமல் பிடித்துக்கொண்டேன். தாரைக் கீறிக்கொண்டே போய் மண்மேட்டில் முட்டி நின்றது. பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். ஆனால் பயந்ததெல்லாம் வண்டி நின்ற பிறகுதான்.

"பொம்பளைக கையில வண்டியக் குடுத்தா வேற என்னாகும்?" தலைவர் பைக்கிலிருந்து இறங்கும்போதே இதைச் சொன்னார். அடிபட்டதா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

ரோடு சுற்றிச் சுற்றி இறங்கியதில் அந்தப் பள்ளமும் எங்கள் தோட்டம்தான். அங்கே இலை பறித்துக்கொண்டிருந்த எங்கள் வரிசைப் பெண்கள் சக்கரத்தை உருட்டிக்கொண்டு மேலே வந்தார்கள். தலைவரின் மனைவியும் அவர்களோடு இருந்தார். சக்கரத்தின் ஓட்டைகள் கோணலாகத் தேய்ந்திருந்தன. சுற்றிலும் சில்வர் தோல் தோலாக உரிந்து கிடந்தது. கொழுந்தனார் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாவியக் குடுங்க அம்மிணி. உங்க கொழுந்தனார் ஓட்டட்டும்" என்றார் தலைவர்.

திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவியை உருவி ஸ்வெட்டர் பைக்குள் போட்டேன். "தர மாட்டேனுங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை எடுத்தேன்.

சக்கரத்துக்கு உரிய ஐந்து போல்ட்டும் உடையாமல் இருந்தன. ஸ்டெப்னியும் பெயிண்டுக்குத் தப்பியிருந்தது. நட்டுதான் ஒன்றுகூட இல்லை. மற்ற மூன்று சக்கரத்திலிருந்தும் ஒவ்வொரு நட்டைக் கழற்றி இதற்குப் போடலாம். ஆனால் அந்தச் சக்கரங்களும் அதே பெயிண்டில் குளித்தவைதானே? செடி வெட்டும் கவாத்துக் கத்தியைக் கொழுந்தனாரிடம் நீட்டினேன். "ஒவ்வொரு நட்டாக் கழத்தி, அது உக்கார்ற எடத்தைச் சுரண்டுங்க தம்பி. நான் முறுக்கறேன்." குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுரண்டினார். சில்வர் பொடி ரோட்டில் உதிர்வதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மூணு நட்டை நம்பி என்ற இலைய அனுப்ப மாட்டேன்" என்றார் தலைவர்.

"சரிங்க மாமா. நம்பாதவங்க அவங்கவங்க மூட்டைய எறக்கிக்குங்க. மத்ததோட நான் போறேன். மூணு மணிக்கு மேல ஃபேக்டரியில இலை எடுக்க மாட்டாங்க."

தலைவர் தன் மூட்டைகளைக் கை காட்டினார். கொழுந்தனார் அவருடைய இரண்டு மூட்டையையும் இறக்கி ரோட்டோரம் வைத்தார். மற்றப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இன்னொரு வீட்டு மூட்டை இறங்கினால் பதினொன்றும் இறங்கும், அதோடு என் டிரைவர் வேலை முடிந்தது என்று எனக்குத் தெரியும். கெஞ்சக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தலைவரின் மனைவி முதுகுக் கூடையைக் கழற்றிக் கீழே வைத்தார். "அந்த இலையைப் பறிச்சது நானுங்க" என்றார் கணவரிடம். "வெடியால இருந்து ஒடிஞ்சது என்ற இடுப்பு. எறக்கி வெக்கறதுக்கு நீங்களா பறிச்சீங்க?" மூட்டையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மறு காதை நான் பிடித்தேன். இரண்டையும் ஏற்றினோம். பிறகு முன்கதவைத் திறந்து, சேற்றுக் காலோடு ஏறி உட்கார்ந்துகொண்டார். "எடு அம்மிணி, நேரமாச்சு."

நடை வேகத்தில்தான் போனேன். அரை மைலுக்கு ஒருமுறை நிறுத்தி நட்டுகளை முறுக்கினேன். ஒவ்வொரு முறையும் அவரும் இறங்கி ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். தலைவரின் பைக் கடைசி வரை பின்னால் வந்தது, முந்தவேயில்லை.

கடைசி மூட்டையும் எடைக்குப் போன பிறகு தலைவர் என்னிடம் வந்தார். கண்ணைப் பார்க்காமல் டயரைப் பார்த்தபடி கேட்டார். "டவுனுக்குப் போறேன். நட்டு எத்தனை வாங்கோணுமுங்க?"

"அஞ்சு" என்றேன். "பெயிண்ட் அடிக்காததாப் பார்த்து வாங்குங்க."