எல்க்குக்கு 243 போதுமா

ஞானசேகரன் தன் நாற்பத்து நான்கு வயதில் ஒரு துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. பெங்களூர் மர்பி டவுனில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் பண்ணிக்கொண்டவன். வங்கி வாசலில் காவல்காரர் மடியில் கிடக்கும் இரட்டைக் குழலை வேண்டுமானால் பார்த்திருப்பான். ஆனால் அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டு எழுதினால், பதில் போடுகிறவன் அவன்தான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பெங்களூரில் பாதிப் பேர், தாங்கள் கண்ணால் காணாத எதைப் பற்றியாவது யாருக்காவது பதில் எழுதித்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

முதலில் கிரெடிட் கார்டு, அப்புறம் இன்சூரன்ஸ், அப்புறம் விமானத்தில் தொலைந்த பெட்டிகள் என்று கம்பெனி கம்பெனியாக மாறி, ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த வேட்டைச் சாமான் கடையின் மின்னஞ்சல் பிரிவுக்கு வந்து சேர்ந்தான். கடை இருப்பது அமெரிக்காவில். பதில் எழுதும் பிரிவு இருப்பது பையப்பனஹள்ளி பக்கம் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில். அங்கே இரவில் வந்து குவியும் கடிதங்களுக்கு இவர்கள் காலை ஏழு மணியிலிருந்து பதில் போடுவார்கள். வாடிக்கையாளருக்குப் பழக்கமான பெயராக இருக்கட்டும் என்று ஆளுக்கொரு பெயர் கொடுத்திருந்தார்கள். ஞானசேகரனுக்கு வந்தது டிரேவர்.

மற்றவர்கள் கம்பெனி எழுதிக் கொடுத்த வரிகளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார்கள். இவனுக்கு அது முடியாது. எதைத் தொட்டாலும் அடிவரைக்கும் போய்ப் பார்க்கும் புத்தி. மூன்றே மாதத்தில் விஷயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டான். காலிபர் என்பது தோட்டாவின் குறுக்களவு. சின்ன காலிபர் என்றால் சுடுகிறவர் தோளில் உதை குறைவு, ஆனால் பெரிய விலங்கின் எலும்பைத் தாண்டி உள்ளே போகாது. பெரிய காலிபர் என்றால் விலங்கு விழும், தோள் வீங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்துக் கொடுப்பதுதான் வேலை. அவனே உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டான். இடது பக்கம் விலங்குகள், மேலே காலிபர்கள். பொருந்தினால் பச்சை, சந்தேகமானால் மஞ்சள், கூடவே கூடாது என்றால் சிவப்பு. பிரிவு முழுக்க அந்த அட்டவணையைத்தான் பார்த்துப் பதில் எழுதியது. அவனுக்குக் 'காலிபர் சேகர்' என்று பெயரும் வைத்தார்கள். அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அவன் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பௌத்தம். பௌர்ணமிக்கு விகாரைக்குப் போய், உயிரைக் கொல்லாமல் இருப்பேன் என்ற முதல் சீலத்தை எல்லோரோடும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்வான். மனைவி வனஜா, பிரேசர் டவுனில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிறவள், அவனைச் சும்மா விடமாட்டாள்.

"இங்க வந்து கொல்லமாட்டேன்னு சொல்றீங்க, ஆபீஸ் போயி எதுல சுட்டா சாவும்னு சொல்லித் தர்றீங்க. நல்லாருக்கு."

"நான் சொல்லலைன்னா மட்டும் சுடாமலா இருக்கப் போறாங்க? கரெக்டான காலிபர் இருந்தா ஒரே அடில போயிடும், அவஸ்தை இல்ல. என் டேபிளால எத்தனையோ மானுங்க நோவாம போயிருக்குது. இன்னா, அது பாவமா?"

இதை அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு வருஷமாக அந்தச் சீலத்தையும் இந்த வேலையையும் ஒரே மனசுக்குள் வைத்துக்கொண்டு அவன் நிம்மதியாகத் தூங்கினான் என்றால், அது இந்த ஒரு நியாயத்தின் மேல்தான்.

போன ஆகஸ்டில் மார்லீன் என்ற அம்மாள் எழுதினார். மலைப் பிரதேசத்தில் தனியாக இருக்கிறார், வயது அறுபத்தொன்று. ஒவ்வொரு வருஷமும் கணவர் வேட்டையாடிக் கொண்டுவருவதில்தான் குளிர்காலம் முழுக்க வீட்டில் இறைச்சி. இந்த வருஷம் கணவர் இல்லை. அவருடைய துப்பாக்கி கனம், உதை தாங்கவில்லை; வலது தோளில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மானுக்கும் ஆகவேண்டும், எல்க்குக்கும் ஆகவேண்டும், தோளையும் பார்க்கவேண்டும், எதை வாங்கட்டும் என்று கேட்டிருந்தார். எல்க் என்பதும் மான் சாதிதான், ஆனால் ஒரு பசுமாட்டின் எடை இருக்கும்.

ஞானசேகரனுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. 7mm-08 என்ற நடுத்தரக் காலிபர். உதை மிதம், எல்க்குக்கும் பச்சை. ஆனால் அந்த வாரம்தான் டீம் லீட் பார்கவி அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். சேலத்துப் பெண், வயதில் சின்னவள், பதவியில் மேலே. அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணா, 243 குடோன்ல குமிஞ்சு கெடக்குது. உதை கம்மியா கேக்குறவங்களுக்கு எல்லாம் அதையே சொல்லச் சொல்றாங்க. நீங்க சொன்னா கஸ்டமர் மறுபேச்சு பேசறதில்ல. கொஞ்சம் பாருங்கண்ணா."

243 அதைவிடச் சின்ன காலிபர், மானுக்குத் தங்கம். எல்க் வரிசையில் அதன் கட்டம் சிவப்பு. சிவப்பு அடித்தவன் அவன். அவர் இருக்கும் மாநிலச் சட்டம் 243-ஐத் தடுக்கவில்லை, அந்த அம்மாள் முக்கால்வாசி மானைத்தான் சுடப்போகிறார், கிட்டப் போய்ப் பார்த்துச் சுட்டால் எல்க்கும் விழத்தான் செய்யும் என்று அவனே அவனுக்கு வக்கீலாக நின்று வாதாடினான். கடைசியில் எழுதினான்: உங்கள் தோளுக்கு 243-தான் சரி, நல்ல தோட்டாவாகப் போட்டால் எல்க்குக்கும் அது போதும். அனுப்பிவிட்டு காபி குடிக்கப் போனான். யாரும் அவன் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பார்கவி கொஞ்சம் பாருங்கள் என்றாள், அவன் பார்த்துவிட்டான், அவ்வளவுதான் நடந்தது.

நவம்பர் கடைசியில் அதே அம்மாளிடமிருந்து இன்னொரு கடிதம். இருநூறு கெஜத்தில் ஒரு பெண் எல்க் பக்கவாட்டில் நின்றதாம். கணவர் சொல்லிக் கொடுத்தபடி முன்னங்காலுக்கு மேலே, தோளைப் பார்த்துச் சுட்டாராம். அது ஒரு முறை மடங்கி, எழுந்து, மரங்களுக்குள் ஓடிவிட்டது. பனியில் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் தேடியிருக்கிறார். மூன்றாம் நாள் பக்கத்துப் பண்ணைக்காரர் கண்டுபிடித்தார். உயிரோடு இருந்தது. தோளெலும்பு நொறுங்கிப்போய், முன்கால் ஒன்று தொங்க, மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. அவர்தான் அதை முடித்துவைத்தார்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை ஞானசேகரன் நான்கு முறை படித்தான். 'நான் துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். விசையை இழுக்கும்போது என் கை நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். மிஸ்டர் டிரேவர், நீங்கள் எத்தனையோ எல்க் சுட்டிருப்பீர்கள். நான் செய்ததில் எது தப்பு என்று சொல்ல முடியுமா?'

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். போடத் தேவையே இல்லை, மனப்பாடமாகத் தெரியும். இருநூறு கெஜத்தில் 243 தோட்டாவுக்கு மிச்சமிருக்கும் தாக்கும் ஆற்றல் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் அடி-பவுண்டு. எல்க்குக்கு ஆயிரத்து ஐந்நூறாவது வேண்டும் என்பது அவன் அட்டவணையிலேயே அடிக்குறிப்பாக இருந்தது. அந்த அம்மாளின் கை நடுங்கவில்லை. தோட்டா போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிற்று. போய், எலும்பில் மோதி நின்றுவிட்டது. மூன்று நாள் மூன்று காலில் நின்ற அந்த மிருகம் இவன் எழுதிய ஒரு வரியால் நின்றது. வெட்கமாக இருந்தது அவனுக்கு. பக்கத்து சீட்டில் இருந்த வெங்கி இந்தப் பக்கம் திரும்பினால்கூட முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான் என்று பயமாக இருந்தது.

இந்த மாதிரிக் கடிதங்களுக்கென்று கம்பெனி ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தது. நடந்ததற்கு வருந்துகிறோம், வேட்டையில் எல்லாவற்றையும்விட முக்கியம் குறி, பயிற்சி வகுப்புகளின் விவரம் இணைப்பில் காண்க. எங்கள் ஆலோசனை தவறு என்று மட்டும் எந்தக் காரணம் கொண்டும் எழுதக்கூடாது. எழுதினால் வேலை போகும். அவன் அந்தப் பதிலை எடுத்து ஒட்டினான். குறி என்ற வார்த்தையில் கண் போய் நின்றது. இதை அனுப்பினால் அந்த அம்மாள் ஆயுசுக்கும் தன் கையைத்தான் திட்டிக்கொண்டிருப்பார். முழுவதையும் அழித்தான். 'உங்கள் குறியில் தப்பே இல்லை. 243 எல்க்குக்குப் போதாது. என் ஆலோசனைதான் தவறு, மன்னியுங்கள்' என்று எழுதி அனுப்பினான்.

அனுப்பியதும் நெஞ்சுப் பாரம் பாதி இறங்கினாற்போல் இருந்தது. மறுநாள் காலையில் வந்த பதிலைப் பார்த்ததும் அது இரண்டு மடங்காக ஏறி உட்கார்ந்துகொண்டது. 'ஒரு வாரத்துக்கு அப்புறம் நேற்றுத்தான் தூங்கினேன். நீங்கள் வருந்த வேண்டாம். தெரியாமல் சொன்னதற்கு யார் என்ன செய்ய முடியும்? தப்பை ஒத்துக்கொள்கிற மனுஷர் இந்தக் காலத்தில் ஏது? என் தங்கைக்கும் ஒரு துப்பாக்கி வேண்டும். அவளுக்கும் எல்க்குக்குத்தான். நீங்களே சொல்லுங்கள், வேறு யாரையும் நாங்கள் கேட்கப்போவதில்லை.'

அன்று சாயங்காலம் வனஜா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் நின்றபடியே கேட்டாள்.

"தெரிஞ்சே சொன்னேன்னு எழுதினீங்களா?"

"இல்ல. தப்புன்னு எழுதினேன்."

"அப்ப அவங்க மன்னிச்சது உங்கள இல்ல. தெரியாம சொன்ன யாரோ ஒரு ஆள."

"அதான் தூங்கிட்டாங்களே வனஜா. இப்ப போயி அதைச் சொல்லி, இருக்குற நிம்மதியையும் கெடுக்கணுமா?"

"யாரு நிம்மதி?" என்று கேட்டுவிட்டு அவள் கை கழுவப் போய்விட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது. கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காததால், வந்த கோபம் அப்படியே அடங்கியும் போயிற்று.

மறுநாள் அவன் மற்றக் கடிதங்கள் எதையும் தொடாமல் முதலில் அதை எழுதினான். 'எனக்குத் தெரியும். உங்களுக்கு எழுதும்போதே 243 போதாது என்று தெரியும். கடையில் அது தேங்கிக் கிடந்தது, அதனால் சொன்னேன். நான் ஒரு எல்க்கைக்கூடச் சுட்டதில்லை, பார்த்ததும் இல்லை. உங்கள் தங்கைக்கு 7mm-08 வாங்குங்கள். அதற்குக் கீழே எதையும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள், நான் சொன்னாலும்.' பார்கவி மேஜையை ஒரு தரம் பார்த்துவிட்டு அனுப்பினான். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் அனுப்பினான்.

வேலை போகவில்லை. தரம் பார்க்கிறவர்கள் நூறு கடிதத்துக்கு மூன்றைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள், அந்த மூன்றில் இது இல்லை. யாராவது கூப்பிட்டுத் திட்டினாலாவது தேவலை என்று நாலைந்து நாள் காத்திருந்தான். பார்கவி அவன் பக்கம் வரும்போதெல்லாம் எழுந்து நின்றான். அவளோ அக்டோபரில் 243 எல்லாம் விற்றுத் தீர்ந்ததற்கு மேலிடம் பாராட்டியதைச் சொல்லிவிட்டுப் போனாள். மார்லீன் அம்மாளிடமிருந்து பதில் வரவில்லை. தினமும் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவான்.

இரண்டாவது வாரம், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வெங்கி நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு இவன் பக்கம் வந்தான்.

"அண்ணா, ஒந்து நிமிஷம். 7mm-08 எல்க்குக்குப் போதுமா? ஒரு லேடி தங்கச்சிக்கு வாங்கணும்னு கேட்டிருக்காங்க. உங்க ஆளு ஒருத்தர் சொன்னாரு, அவர நம்பலாமான்னு தெரியல, வேற யாராவது பார்த்துச் சொல்லுங்கன்னு எழுதியிருக்காங்க."

ஞானசேகரன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போதும்" என்றான்.

"ஷூரா சொல்லலாமா?"

"ஷூரா சொல்லு. அட்டவணைல பச்சை." அவன் திரும்புவதற்குள், "என்னைக் கேட்டேன்னு எழுதாத வெங்கி. நீயே பார்த்து சொல்ற மாதிரி எழுது" என்றான்.

வெங்கி சரி என்று திரும்பித் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். ஞானசேகரன் எழுந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்தப் பதில் ஒழுங்காகப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.